படம் பிடிக்கவில்லை; ஆனால் நன்றாக எடுத்திருக்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமர்சனம் எழுதுபவர்கள், திரையிடலுக்குப் பிறகு கலந்துரையாடல் நடத்துபவர்கள், நண்பர்களோடு படங்களைப் பற்றி விடாமல் வாதாடுபவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. தமிழ்ப் படங்களே பெரும்பாலும் உதாரணம். தேவையான இடங்களில் வெளிப் படங்களும் வரும்.

பிடிப்பதும் நன்றாக இருப்பதும் வேறு வேறா?

வேறுதான். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கு நீங்கள் ஆதாரம் காட்ட வேண்டியதில்லை. அதை யாரும் மறுக்கவும் முடியாது. "நன்றாக எடுத்திருக்கிறார்கள்" என்றோ "மோசமாக எடுத்திருக்கிறார்கள்" என்றோ சொன்னால், எந்தக் காட்சியில், எந்த ஷாட்டில் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு விதியை வைத்துத்தான். இடம் காட்ட முடியாத பாராட்டும் சரி, இடம் காட்ட முடியாத திட்டும் சரி, படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பிடிக்காத படத்தில் நிறை தேடி என்ன ஆகப்போகிறது?

முதல் பயன், உங்கள் வெறுப்பே கூர்மையாகும். "மொக்கை" என்று ஒதுக்கிய படத்தில் வசனம் நன்றாக இருந்தது, காட்சிகளை அடுக்கிய வரிசைதான் சொதப்பியது என்று பிரித்துச் சொல்ல வந்துவிட்டால், அடுத்த படத்தை இன்னும் தெளிவாகப் பார்ப்பீர்கள். படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இது கட்டாயப் பயிற்சி. பிடித்த படம் நம்மை உள்ளே இழுத்துக்கொள்வதால் அதன் இணைப்புகள் கண்ணில் படுவதில்லை. பிடிக்காத படத்தில் நாம் வெளியே நிற்கிறோம். எது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

படம் பார்த்த அன்றோ மறுநாளோ, மற்றவர்களின் விமர்சனத்தைப் படிப்பதற்கு முன், ஒரு தாளில் இதை எழுதுங்கள்:

1. படம் எந்த இடத்தில் உங்களை விட்டு விலகியது? தோராயமான நிமிடமும் காட்சியும். "முழுக்கவே" என்று எழுதாதீர்கள். பெரும்பாலும் ஓர் இடம் இருக்கும்.
2. விலகியதற்குக் காரணம் எந்த வகை: எடுத்த விதமா, எடுத்துக்கொண்ட பொருளா, சொல்லும் கருத்தா, நீங்கள் பார்த்த சூழலா?
3. இந்தப் படம் என்ன செய்யப் பார்க்கிறது? ஒரே வாக்கியம். அதில் "ஆனால்" வரக்கூடாது.
4. பத்து நொடியே ஆனாலும் உங்கள் கவனம் நின்ற மூன்று இடங்கள்.
5. அந்த மூன்றும் யாருடைய வேலை: எழுத்தா, ஒளிப்பதிவா, படத்தொகுப்பா, ஒலியா, நடிப்பா, கலை இயக்கமா?

அதிகம் தவறு நடப்பது மூன்றாவதில்தான். ஒரு திகில் படத்தைப் பற்றி "குடும்ப உறவைச் சொல்ல வந்து கோட்டை விட்டது" என்று எழுதுவார்கள். படம் அதற்கு வரவே இல்லை, எதிர்பார்த்தது எழுதியவர். படம் போகக் கிளம்பிய ஊர் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்தது. அந்த ஊருக்குப் போவதே வீண் என்று நினைத்தால் அதையும் சொல்லலாம், ஆனால் தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டாவதில் "பார்த்த சூழல்" என்று வந்தால், மேற்கொண்டு எழுதுவதற்கு முன் டிவி பற்றிய பதிலுக்குத் தாவிவிடுங்கள்.

"ஒளிப்பதிவு அருமை" என்று சொன்னால் போதாதா?

போதாது. பிடிக்காத படத்துக்கு ஆறுதல் பரிசாகக் கொடுக்கப்படும் வாக்கியம் அது. பெரும்பாலும் அதன் உண்மையான பொருள் "லொக்கேஷன் அழகாக இருந்தது" என்பதுதான். மலையும் அருவியும் அழகாக இருப்பதற்கு ஒளிப்பதிவாளர் காரணம் இல்லை.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறக் காட்சி வேண்டாம். வீட்டுக்குள், இரண்டு பேர் பேசும் காட்சி. ஐந்து இடங்களில் நிறுத்தி இவற்றைக் கேளுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அந்தத் திசையில் ஜன்னலோ விளக்கோ உண்மையில் இருக்கிறதா? இருவர் முகத்திலும் ஒரே அளவு வெளிச்சமா, இல்லை ஒருவர் இருட்டில் விடப்பட்டிருக்கிறாரா? கேமரா கண் மட்டத்தில் இருக்கிறதா, கீழேயா, மேலேயா? ஃபிரேமில் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது, கதைக்கு முக்கியமானது அங்கேதான் இருக்கிறதா? கேமரா நகர்ந்தால், அது நகரக் காரணமான ஒன்று காட்சியில் நடந்ததா?

'நாயகன்' (1987) ஒரு கடத்தல்காரரைத் தெய்வமாக்குகிறது என்று அதை விரும்பாதவர்கள் உண்டு. அந்த எதிர்ப்பை வைத்துக்கொண்டே பி.சி. ஸ்ரீராமின் வெளிச்சத்தைப் பாருங்கள். உட்புறக் காட்சிகளில் வெளிச்சம் பல இடங்களில் மேலிருந்து விழுகிறது, முகத்தின் ஒரு பகுதி இருட்டிலேயே கிடக்கிறது. இந்த மனிதரை முழுசாகப் பார்த்துவிட முடியாது என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே படம் சொல்லிவிடுகிறது. தோட்டா தரணி போட்ட தாராவி செட்டில் அந்த வெளிச்சம் நுழைய இடுக்குகள் இருக்கின்றன. அதாவது கலை இயக்கமும் ஒளிப்பதிவும் பேசி வைத்துச் செய்த வேலை. நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் மூன்றுக்கும் தேசிய விருது கிடைத்த படம் அது. விருதை ஆதாரமாகக் காட்டாதீர்கள், காட்சியைக் காட்டுங்கள்.

படத்தொகுப்பு கண்ணுக்கே தெரியாதே, அதை எப்படி மதிப்பிடுவது?

எண்ணுங்கள். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, ஷாட் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். 180 நொடியில் 45 ஷாட் இருந்தால் ஷாட்டுக்குச் சராசரி 4 நொடி. அதே படத்தின் அமைதியான காட்சி ஒன்றையும் எண்ணுங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் தொகுத்தவர் தாளத்தை யோசித்திருக்கிறார். எல்லாக் காட்சியும் ஒரே சராசரியில் ஓடினால் படம் ஏன் சலிப்பாக இருந்தது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "லேக்" என்று பொதுவாகத் திட்டும் பல படங்களில் நீளம் குற்றவாளி இல்லை, மாறாத வேகம்தான் குற்றவாளி.

சண்டைக் காட்சியில் வேறொரு சோதனை. நடுவில் நிறுத்தி, யார் எந்தப் பக்கம் நிற்கிறார், கதவு எங்கே, ஆயுதம் எங்கே என்று தாளில் வரைந்து பாருங்கள். வரைய முடிந்தால் ஸ்டண்ட் மாஸ்டரும் தொகுப்பாளரும் இடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். முடியவில்லையென்றால், மோதுபவர்களை இணைப்பதாக வைத்துக்கொள்ளும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டித் தாண்டி வெட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் நின்றவர் வலப்பக்கம் போயிருப்பார்.

'ஆரண்ய காண்டம்' (2011) படத்தின் கொச்சையான பேச்சும் ரத்தமும் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல பாடம். ஒரே நாளுக்குள் நடக்கும் கதை, பல கோணங்களில் ஓடும் மனிதர்கள், ஆனாலும் யார் எப்போது எங்கே என்பதில் குழப்பம் வருவதில்லை. பிரவீன் கே.எல்., என்.பி. ஸ்ரீகாந்த் இருவருக்கும் படத்தொகுப்புக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்தது அந்தக் கட்டுப்பாடுதான் என்பது எங்கள் கருத்து.

ஒலியை எப்படிக் கேட்பது?

ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை மூன்று முறை ஓட்டுங்கள். முதலில் சாதாரணமாக. அடுத்து ஒலியை முழுக்க அணைத்து. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு. ஒலி இல்லாமலும் என்ன நடக்கிறது என்று புரிந்தால் இயக்குநர் படத்தால் கதை சொல்கிறார். கண்ணை மூடியும் இடம் புரிந்தால், அதாவது இது ஓட்டு வீடா, மாடி ஃபிளாட்டா, தெருவுக்குப் பக்கமா என்று காதே சொல்லிவிட்டால், ஒலி வடிவமைப்பாளர் வேலை செய்திருக்கிறார்.

மூன்று அடுக்குகளைத் தனித்தனியாகப் பிடியுங்கள்: வசனம், சுற்றுப்புறச் சத்தமும் பொருள்களின் சத்தமும், பின்னணி இசை. தமிழில் பெரும்பாலான படங்களுக்குக் குரல் பின்னால் டப்பிங் அறையில் பதிவாகிறது. வயல்வெளியில் கத்துபவரின் குரல் மூடிய அறைக்குள் பேசுவதுபோல் கேட்டால் அது அங்கே விழுந்த ஓட்டை. 'விருமாண்டி' (2004) நேரடி ஒலிப்பதிவில் எடுக்கப்பட்டது. அதில் கூட்டத்தின் இரைச்சலும் மூச்சுவாங்கலும் வேறு மாதிரி ஒட்டியிருப்பதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பின்னணி இசைக்கு ஒரே கேள்வி: அது காட்சியில் இல்லாததைச் சேர்க்கிறதா, ஏற்கெனவே தெரிவதைத்தான் சத்தமாகத் திரும்பச் சொல்கிறதா? எங்கே நிறுத்தப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். இசை நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நல்ல ரீரெக்கார்டிங் தெரியும்.

பாத்திரத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. அப்படியென்றால் நடிப்பு மோசமா?

எரிச்சல் வரவேண்டிய பாத்திரமாக இருந்தால் அது வெற்றி. பாத்திரத்தின் குணம், அதற்கு எழுதிய வசனம், அதை நடித்த விதம் என மூன்றையும் பிரியுங்கள். நடிப்பைத் தனியாகப் பார்க்க எளிய வழி, அவர் பேசாத நொடிகளைப் பார்ப்பது. எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் கேட்கிறாரா, தன் முறைக்குக் காத்திருக்கிறாரா? கையில் இருக்கும் பொருளைப் பழகியவர் மாதிரி கையாள்கிறாரா? சமையல்காரராக நடிப்பவர் வெங்காயம் நறுக்கும் விதமே பாதி சொல்லிவிடும்.

முழுப் பெருமையும் நடிகருக்கா என்றும் பார்க்க வேண்டும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் உணர்ச்சியே காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ண சூப்புக்கு அடுத்தும், சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியையும் பிறகு துக்கத்தையும் அந்த முகத்தில் கண்டார்கள். முகத்துக்கு முன்னும் பின்னும் எது வருகிறது என்பது நடிப்பில் பாதி.

மெதுவான படங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. அவற்றில் எதைத் தேடுவது?

மெதுவாக ஓடுவதால் மட்டும் எந்தப் படமும் ஆழமாகிவிடாது. அந்த நேரத்தைக் கொண்டு படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஷான்டால் ஆகெர்மனின் 'ஜான் டீல்மன்' (1975) 201 நிமிடம். ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டுவேலை. பார்க்க முடியவில்லை என்று எழுந்தவர்கள் ஏராளம். முதல் நாள் அவர் ஒவ்வொரு வேலையையும் செய்யும் ஒழுங்கை அவ்வளவு நேரம் காட்டியதால்தான், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோவது நமக்கு ஒரு விபத்து அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த முதல் நாளைப் பாதியாக வெட்டியிருந்தால் உருளைக்கிழங்கு வெறும் உருளைக்கிழங்காகவே இருந்திருக்கும். இப்படிப் பின்னால் பலன் தரும் நீளத்தைத்தான் தேட வேண்டும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) பாட்டே இல்லாத படம். பணம் புரட்டுவதும் சிமெண்டும் அலைச்சலுமாகப் போகும். அதில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டை வந்து பார்க்கும் காட்சி ஒன்று போதும். அவ்வளவு நேரமும் கணக்காகவும் கவலையாகவும் இருந்த அந்தக் கட்டடம் முதல்முறையாக வீடாகிறது.

நேரத்துக்குப் பலனே கிடைக்காமல், கதாநாயகன் கடலைப் பார்த்து நிற்கும் ஷாட்டுகள் மட்டும் நீண்டுகொண்டே போனால் அதை மெத்தனம் என்றே எழுதுங்கள்.

மாஸ் படத்தில் நிறை இருக்க முடியுமா?

இருக்கிறது, கைதட்டல் சத்தத்தில் காதில் விழுவதில்லை. மாஸ் படத்தின் தொழில்நுட்பம் முழுக்கத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. எதை எவ்வளவு நேரம் மறைத்து வைத்து எப்போது திறக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'பாட்ஷா' (1995) இதில் பாடப்புத்தகம். ஆட்டோக்காரர் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போதும் அவர் திருப்பி அடிப்பதில்லை. தங்கையின் கல்லூரி இடத்துக்காகப் பேசும் காட்சியில், தங்கையை வெளியே அனுப்பிவிட்டு அவர் சொல்வது நமக்கும் கேட்பதில்லை. எதிரில் இருப்பவரின் உடல்மொழி மாறுவது மட்டும் தெரிகிறது. உச்ச நட்சத்திரத்தின் வசனத்தை ஒலி இல்லாமல் காட்டும் துணிச்சல் பல கலைப்படங்களிலும் கிடையாது.

இடைவேளையையும் கணக்கில் எடுங்கள். நம் படங்கள் இரண்டு பாதியாகக் கட்டப்படுகின்றன. இன்டர்வெல் ப்ளாக் என்பது பத்து நிமிடம் வெளியே நின்று பேசிக்கொள்ள ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புவது. வீட்டில் ஓடிடியில் இடைவெளி இல்லாமல் பார்க்கும்போது அந்த ஏற்றமும் அடுத்த இறக்கமும் காரணமில்லாதவையாகத் தோன்றும்.

பழைய படங்களில் எல்லாரும் கத்திப் பேசுகிறார்கள். அதை எப்படி ரசிப்பது?

ரசிக்கக் கட்டாயம் இல்லை. அந்த நடிப்பு எந்த அளவுகோலுக்குச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் அதற்குள் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கலாம். 1950களின் தொடக்கத்தில் நம் நடிகர்களில் பலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய குரல் அவர்களுடையது. 'பராசக்தி' (1952) ஒரு மேடை நாடகத்திலிருந்து வந்த படம். அதன் நீதிமன்றக் காட்சியில் சத்தத்தின் அளவைக் கவனிக்காமல் மூச்சை மட்டும் கவனியுங்கள். மு. கருணாநிதி எழுதிய அடுக்கு வாக்கியங்களை எந்தச் சொல்லில் ஏற்றி, எங்கே மூச்சு வாங்கி, எதை மெல்ல விடுகிறார் சிவாஜி என்று கேட்டால், கத்தல் என்று நினைத்தது ஏற்ற இறக்கமாகப் பிரியும். அதே காலத்துச் சாதாரண நடிகர் ஒருவர் அதேபோல் நீளமாகப் பேசும் காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 'அந்த நாள்' (1954) பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாமல் வந்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர்.

படம் சொல்லும் கருத்தே தவறு. அப்போதும் நிறையைச் சொல்ல வேண்டுமா?

சொல்லலாம், ஆனால் கருத்தையும் நிறையையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துச் சமன் செய்யாதீர்கள். "கருத்து மோசம், ஆனால் மேக்கிங் சூப்பர்" என்று எழுதினால் இரண்டும் தொடர்பில்லாதவை என்று ஆகிவிடுகிறது. அவை தொடர்புள்ளவை.

டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) கறுப்பின மக்களை மிருகங்களாகவும் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை மீட்பர்களாகவும் காட்டியது. முற்றுகையில் மாட்டியவர்கள், குதிரையில் விரையும் கும்பல் என்று மாறி மாறி வெட்டி, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகும் அதன் உச்சக்காட்சி, இன்றைக்கும் எல்லா ஊர் துரத்தல் காட்சிகளுக்கும் இலக்கணம். பார்வையாளர் தன்னை அறியாமல் "சீக்கிரம் போங்கள்" என்று யாருக்காக வேண்டிக்கொள்கிறார்? அந்தக் கும்பலுக்காக. அதன் ஆபத்து அந்தத் தொகுப்பின் திறமைக்குள்ளேயே இருக்கிறது. அதே 1915இல் அந்த அமைப்பு ஜார்ஜியாவில் மறுபடி உயிர்பெற்றது. பின்னர் ஆள் சேர்க்கவும் இந்தப் படத்தைப் பயன்படுத்தியது. திறமையைத் துல்லியமாக விவரித்தால் குற்றச்சாட்டு வலுவாகிறது.

நம் படங்களுக்கும் இதையே செய்யுங்கள். பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டும் காட்சி இனிமையாக இருந்தால், அந்த இனிமையை எது உண்டாக்கியது? பாட்டா, அவளுடைய பயத்தைக் காட்டாமல் விட்ட கேமராவா, அடுத்த ஷாட்டில் அவள் சிரிப்பதா? அதைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்தது.

படம் காட்டுவதும் படம் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்பதையும் சரிபாருங்கள். 'விருமாண்டி'யில் நடந்த சம்பவங்களை முதலில் கொத்தாளத் தேவர் தன் வாயால் சொல்கிறார், பிறகு விருமாண்டி சொல்கிறான். முதல் பகுதியை மட்டும் வைத்துப் படம் இதைத்தான் சொல்கிறது என்று முடிவுகட்டினால் தவறு நம்முடையது.

எடுத்தவரின் நடத்தை தெரிந்ததால் படத்தையே பார்க்க முடியவில்லை.

பார்க்காமல் இருப்பது உங்கள் உரிமை, விளக்கம் தேவையில்லை. பார்த்துவிட்டு எழுதினால், படத்தில் இருப்பதைப் படத்திலும் வெளியில் இருப்பதை வெளியிலும் வைத்து இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஒரு படத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மனதைக் கலக்கிவிட்டது, அருவருப்பாக இருந்தது. அது குறைதானே?

அவசியமில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நகையும் உவகையும் இருக்கும் அதே வரிசையில்தான் அச்சமும் இளிவரலும் இருக்கின்றன. இளிவரல் பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கைக் குறிப்பிடுகிறது. இன்பம் தராத உணர்ச்சியும் கலைக்குள் அடக்கம் என்பது நமக்குப் பழைய செய்தி. காட்சி முடிந்தபின் அந்தக் கலக்கம் பாத்திரத்தின் நிலையைப் புரியவைத்ததா, வெறும் ரத்தத்தின் அளவு மட்டும் நினைவில் நின்றதா? இரண்டாவது என்றால் குறை என்று தாராளமாக எழுதுங்கள்.

கிளைமாக்ஸ் சொதப்பியதால் முழுப் படமும் வீண் என்று தோன்றுகிறது.

நம் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. ஓர் அனுபவத்தை நினைவுகூரும்போது அதன் உச்சமும் முடிவும்தான் அதிக எடை பெறுகின்றன என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியிருக்கிறார். இடையில் போன நேரம் அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை. ஆகவே கடைசி இருபது நிமிடத்தை மறைத்துவிட்டு, மீதிப் படத்துக்கு மட்டும் ஒரு பத்தி எழுதுங்கள். முடிவுக்குத் தனிப் பத்தி. எந்தப் பாத்திரம் அதுவரை போன வழியை விட்டுத் திடீரென்று திரும்பியது என்று தேடினால், தவறு கிளைமாக்ஸில் இல்லாமல் அதற்கு அரைமணி நேரம் முன்னால் இருப்பதும் உண்டு.

டிவியில் பார்த்தேன், எல்லாம் சீரியல் மாதிரி இருந்தது. படமே அப்படியா?

பெரும்பாலும் டிவிதான். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். புது டிவிகள் நடுவில் தாமாக ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகுகின்றன. அசைவு வழுக்கிக்கொண்டு போகும், செட் செட்டாகவே தெரியும், மேக்கப் தெரியும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று மெனுவில் இருக்கும். அணைத்துவிடுங்கள். பிக்சர் மோடை விவிட்டிலிருந்து சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் மங்கலாகத் தெரியும், பிறகு கண் பழகிவிடும்.

வசனம் கேட்கவில்லை, இசை மட்டும் காதைப் பிளக்கிறது என்றால் ஆடியோ 5.1இல், அதாவது பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த ஒலியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்குரியது. உங்கள் டிவியில் அது தனியாக இல்லையென்றால் ஓடிடி மெனுவில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள்.

தியேட்டரிலும் இது உண்டு. டிஜிட்டல் திரைக்கு வெளிச்ச அளவு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். பழைய விளக்கோடு ஓட்டும் இடங்களில் இருட்டுக் காட்சி வெறும் கறுப்பாகிவிடும். ஒலியின் அளவுகோலும் அப்படியே: படத்தின் ஒலிக்கலவை, அரங்கின் ஒலிக்கருவியை 7 என்ற எண்ணில் வைத்துக் கேட்கச் செய்யப்படுகிறது, அரங்கில் 5இல் ஓட்டினால் மென்மையான சத்தங்கள் எல்லாம் காணாமல் போகும். "ஒளிப்பதிவு இருட்டு, வசனம் புரியவில்லை" என்று எழுதுவதற்கு முன் வேறொரு திரையில் ஒரு காட்சியையாவது பார்த்துவிடுங்கள். தொலைக்காட்சியில் போடும்போது பாட்டும் காட்சிகளும் வெட்டப்படுவதால், கதை ஒட்டவில்லை என்ற குறையையும் சரிபார்த்த பிறகே சொல்லுங்கள்.

மறுபடி முழுசாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். குறித்து வைத்த மூன்று இடங்களையும், படம் உங்களை விட்டு விலகிய இடத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தையும் பார்த்தால் போதும். கருத்து மாறியே ஆக வேண்டும் என்றும் இல்லை. 'வெர்டிகோ' (1958) வந்தபோது கலவையான வரவேற்புதான். 2012இல் பிரிட்டிஷ் திரைப்பட இதழான 'சைட் அண்ட் சவுண்ட்' விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. அதைக் காட்டி, இன்று பிடிக்காத எல்லாப் படமும் நாளை காவியம் என்று மிரட்டுபவர்களை நம்ப வேண்டாம். பெரும்பாலான தோல்விப் படங்கள் தோல்விப் படங்களாகவே இருக்கின்றன.

எவ்வளவு தேடியும் ஒரு நிறையும் கிடைக்கவில்லை என்றால்?

கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். இல்லாததை இட்டுக்கட்டுவது படத்துக்கு மரியாதை இல்லை. "கஷ்டப்பட்டு எடுத்திருக்கிறார்கள்", "இத்தனை கோடி செலவு", "நல்ல முயற்சி", "உடம்பை ஏற்றி இறக்கியிருக்கிறார்" ஆகியவை நிறைகள் அல்ல. திரையில் என்ன வந்தது என்பதுதான் கேள்வி. எடையைக் குறைத்த நடிகர் அந்த மெலிந்த உடம்பை வைத்து நடையில், உட்காரும் விதத்தில் என்ன செய்தார் என்று காட்டினால் அது நிறை.

எழுதும்போது எப்படிச் சொல்வது?

முதலில் உங்கள் நிலையை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: பிடிக்கவில்லை, இன்ன காரணம். மறைத்து வைத்துக் கடைசியில் போடாதீர்கள். பிறகு நிறையை இடத்தோடு சொல்லுங்கள்.

மோசமான வரி: "சில குறைகள் இருந்தாலும் தொழில்நுட்ப ரீதியாகச் சிறப்பு."

நல்ல வரி: "படம் என்னைத் தொடவில்லை. ஆனால் அக்கா வீட்டைவிட்டுப் போகும் காட்சியில் கேமரா அவளோடு போகாமல் சமையலறையிலேயே நின்றுவிடுகிறது. செருப்புச் சத்தத்தை வைத்தே அவள் படியிறங்கியது தெரிகிறது."

இரண்டாவதைப் படித்தவர் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்து உங்களோடு சண்டையிட முடியும். அதுதான் வேண்டும். "ஆனால்" என்ற சொல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பாருங்கள். வாசகர் மனதில் நிற்பது அதற்குப் பின்னால் வருவது. மதிப்பெண் போடும் பழக்கம் இருந்தால் பிடித்ததற்கு ஒன்று, செய்நேர்த்திக்கு ஒன்று என இரண்டு போடுங்கள். இரண்டும் எப்போதும் ஒரே எண்ணாக வந்தால் நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை.

நண்பருக்கு உயிரான படத்தைப் பற்றிப் பேசும்போது, அவருக்குப் பிடித்த காட்சி எது என்று முதலில் கேளுங்கள். அந்தக் காட்சியைப் பற்றிப் பேசினால் பேச்சு நீளும். முழுப் படத்தைப் பற்றிப் பேசினால் சண்டைதான் நீளும்.

பாதியில் நிறுத்திவிட்ட படத்தைப் பற்றிப் பேசலாமா?

பார்த்த பகுதியைப் பற்றிப் பேசலாம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டு. திரைக்கதை, முடிவு, கருத்து மூன்றைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவை முழுப் படத்தில்தான் இருக்கின்றன. ஒளிப்பதிவு, ஒலி, நடிப்பு பற்றி நாற்பது நிமிடம் பார்த்தவரும் தைரியமாகச் சொல்லலாம்.